வட்டப் பட்டை வைரம்: எடையும் ஒளியும்

மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும்படி, கணக்கிட்ட கோணங்களில் பல முகங்களாகத் தீட்டப்பட்ட வைரம் வட்டப் பட்டை வைரம் எனப்படும். தோடு, மூக்குத்தி, மோதிரம் ஆகியவற்றில் இன்று மிகுதியாகக் காணப்படும் வடிவம் இதுவே. சேலம், நாமக்கல் சமவெளியில் வைரம் விளைவதில்லை. ஆனால் மோசின் கடின அளவையில் வைரத்துக்கு அடுத்த இடத்தில் உள்ள குருந்தக்கல் அங்கே கிடைக்கிறது. இவ்விரண்டு கற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தீட்டிய கல் ஏன் ஒளிர்கிறது என்பதும், அந்த ஒளிக்காக எவ்வளவு எடையை இழக்க வேண்டியிருக்கிறது என்பதும் விளங்கும்.

சித்தம்பூண்டியின் குருந்தம்

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் உள்ளது சித்தம்பூண்டி. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் முன்பு இவ்வூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. இங்குள்ள அனார்த்தொசைட்டு என்னும் வெளிர்நிறப் பாறையில் சிவப்பும் இளஞ்சிவப்புமான குருந்தப் படிகங்கள் பதிந்திருக்கும். இப்பாறைத் தொகுதியின் கனிமங்களைப் பற்றி ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் விரிவான ஆய்வை வெளியிட்டார்.

குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் கொரண்டம் ஆனது. ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றிச் சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் அரச கழகத்தின் இதழில் எழுதினார். மாணிக்கமும் நீலமும் வேதியியல் முறையில் குருந்தமே. ஆனால் சித்தம்பூண்டிக் கற்களில் பெரும்பாலானவை ஒளி ஊடுருவாதவை. குருந்தத்தின் பயன் அணிகலனோடு நின்றுவிடவில்லை. அதைப் பொடித்து, உருக்கிய அரக்கோடு சேர்த்துச் செய்த சாணைச் சக்கரத்தில்தான் இந்திய மணிவினைஞர்கள் பல வகை மணிகளைத் தீட்டினர்.

மோசின் கடின அளவையில் குருந்தம் 9, வைரம் 10. எண்ணில் ஒன்றுதான் வேறுபாடு என்றாலும் உண்மையான கடினத்தில் வைரம் பல மடங்கு மிஞ்சியது. குருந்தச் சாணை வைரத்தைத் தேய்க்காது. வைரத்தைத் தீட்ட வைரத்தூளே வேண்டும். வைரம் தன் இயற்கை வடிவத்திலேயே நெடுங்காலம் அணியப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயற்கை வடிவமே அழகு

கொங்கு நாட்டில் மணித்தொழில் மிகப் பழையது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில், பச்சைக்கல், நீலக்கல், படிகம் முதலியவற்றால் செய்த மணிகளும் செய்து முடிக்காத மணிகளும் கிடைத்தன. கல்லின் நிறத்தைக் காட்டுவதும் துளையிட்டுக் கோப்பதுமே அந்த மணிவேலை. ஒளியைக் கல்லுக்குள் மடக்கித் திருப்பும் வேலை அதில் இல்லை.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவை வருணிக்கிறது. வைரத்தின் நால்வகைக் குற்றங்களை அது பெயர் சொல்லி எண்ணுகிறது. காகபாதம் அவற்றுள் ஒன்று. அந்தப் பட்டியல் முழுவதும் கல்லின் பிறவிக் குற்றங்களைப் பற்றியது. தீட்டியவரின் கைவேலை அங்கே அளவுகோல் ஆகவில்லை.

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே இதற்கு இன்னொரு சான்று தருகிறார். கல் தூயதாக இருந்தால் வினைஞர்கள் மேலும் கீழும் இலேசாகச் சக்கரத்தில் தொட்டதோடு விட்டுவிடுவர். எடை குறையும் என்று அஞ்சி வடிவம் கொடுக்கத் துணியமாட்டார்கள். புள்ளியோ கீறலோ இருந்தால்தான் அதை மறைக்கக் கல் முழுவதும் பட்டைகள் இடுவர். அதாவது, பட்டை என்பது அன்று குறையை மறைக்கும் வழி.

வட்டம் வந்த வழி

ஐரோப்பாவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் எண்முக வைரத்தின் முகங்களை மெருகேற்றினர். பின்னர் அதன் ஒரு முனையைத் தேய்த்துத் தட்டையாக்கினர். 16ஆம் நூற்றாண்டில் ரோஜாப் பட்டை பரவியது. 1720களில் பிரேசிலிலும் 1867 முதல் தென்னாப்பிரிக்காவிலும் வைரம் கிடைத்ததும் கல்லின் வரத்து பெருகியது. கல் அரிதாக இருந்தவரை எடை காப்பது முதன்மையாக இருந்தது. வரத்து பெருகியபின் எடையை விட்டுக்கொடுக்கும் துணிவு வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹென்றி மோர்ஸ், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், எடையைவிட ஒளிக்கு முதலிடம் தந்து வட்டக் கற்களைத் தீட்டினார்.

1919இல் மார்செல் தொல்கோவ்ஸ்கி இதைக் கணக்காக்கினார். பெல்ஜிய வைர வினைஞர் குடும்பத்தில் பிறந்த அவர், ஒளிக்கதிர் கல்லுக்குள் செல்லும் வழியைக் கணித்து ஒரு நூல் எழுதினார். மேற்பகுதியின் சாய்வு 34.5 பாகை, அடிப்பகுதியின் சாய்வு 40.75 பாகை, மேலேயுள்ள தட்டைமுகம் கல்லின் அகலத்தில் 53 விழுக்காடு என்பன அவர் தந்த அளவுகள். மேலே 33, கீழே 24 என மொத்தம் 57 பட்டைகள். அடிமுனையில் சிறு பட்டை வைத்தால் 58.

கோணம் செய்யும் வேலை

வைரத்துக்குள் செல்லும் ஒளி அடிப்பகுதியின் பட்டையில் படும்போது, அதன் படுகோணம் 24.4 பாகைக்கு மேல் இருந்தால் வெளியேறாமல் முழுமையாகத் திரும்பும். மேல்தட்டில் நேராக இறங்கும் கதிர், தொல்கோவ்ஸ்கியின் கல்லில் முதல் பட்டையில் 40.75 பாகையிலும் எதிர்ப் பட்டையில் 57.75 பாகையிலும் படுகிறது. இரண்டும் 24.4ஐவிட அதிகம். ஆகவே ஒளி இருமுறை திரும்பிப் பார்ப்பவரின் கண்ணை நோக்கி வருகிறது. அடிப்பகுதி மிக ஆழமானால் நடுவில் இருள் படியும். மிக ஆழமற்றதானால் தட்டைமுகத்துக்குள் விளிம்பின் நிழல் வளையமாகத் தெரியும்.

குருந்தத்துக்கு இந்த எல்லைக் கோணம் ஏறத்தாழ 34 பாகை. எனவே அதே அளவில் தீட்டினாலும் குருந்தத்திலிருந்து ஒளி எளிதில் கசியும். வைரம் நிறங்களைப் பிரிக்கும் அளவு 0.044, குருந்தத்துக்கு 0.018 மட்டுமே. வெள்ளைக் குருந்தம் வைரம்போல் டாலடிக்காததற்குக் காரணம் இதுதான்.

மூன்று வட்டங்களின் ஒப்பீடு

ரோஜாப் பட்டைக்கு அடிப்பாகம் தட்டை. மேலே மொட்டுப்போல் எழும் முக்கோணப் பட்டைகள் வழக்கமாக 24. ஒளியின் பெரும்பகுதி அடிவழியே போய்விடும். அதனால் பின்புறம் மூடி, மின்னும் தகடு வைத்துப் பதிப்பது வழக்கம். மென்மையான பளபளப்பு உண்டு, பொலிவு குறைவு.

பழைய ஐரோப்பிய வட்டத்துக்கு மேற்பகுதி உயரம், தட்டைமுகம் சிறியது, அடிமுனையில் பெரிய பட்டை. பட்டைகள் அகலமானவை என்பதால் ஒளி பெரிய துண்டுகளாகத் தெறிக்கும். மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு ஆகியவற்றின் வெளிச்சத்தில் வானவில் நிறங்கள் நன்கு தெரியும். மொத்தப் பொலிவில் இது நவீன வட்டத்துக்குப் பின்தங்கும்.

நவீன வட்டத்தில் வெண்ணொளி மிகுதி. அடிப்பட்டைகள் மெல்லியவை ஆதலால் கல்லையோ தலையையோ அசைக்கும்போது நுண்ணிய மினுக்கங்கள் பல தோன்றும். மின்விளக்குள்ள அறைக்கு இது பொருந்தும். ஆயினும் ஒரே ஓர் அளவுதான் சிறந்தது என்பதில்லை. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் 2006இல் அறிமுகம் செய்த வட்ட வைரத் தரவரிசை பொலிவு, வண்ணச்சிதறல், மினுக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. அதில் வெவ்வேறு அளவுச் சேர்க்கைகளும் உயர்ந்த தரம் பெற முடியும்.

தமிழகத்தில்

தென்னாப்பிரிக்க வைரம் தமிழ்நாட்டுக்கு வந்ததன் தடயம் ‘ப்ளூ ஜாகர்’ என்ற வழக்கில் இருக்கிறது. ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரே இப்படிச் சுருங்கி, நீலச்சாயல் கொண்ட நல்ல வெள்ளைக் கல்லைக் குறிக்கலாயிற்று. தாய்வழி மகளுக்கு வரும் ஏழுகல் தோட்டில் இச்சொல் இன்றும் பெருமைக்குரியது. நவீன வட்டப் பட்டைக்குப் பின்னால் தகடு தேவையில்லை. ஆனால் கல்லின் அடியில் தேங்காயெண்ணெய் படிந்தால், ஒளி கசியும் எல்லை 24.4 பாகையிலிருந்து ஏறத்தாழ 37 பாகைக்கு உயரும். அன்றாடம் போட்ட மூக்குத்தி மங்குவதும் கழுவினால் மீண்டும் மின்னுவதும் இதனால்தான்.

நாமக்கல்லை அடுத்த திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் 20ஆம் நூற்றாண்டில் செயற்கைக் கற்களைத் தீட்டுவது குடிசைத் தொழிலாக வளர்ந்தது. செயற்கைக் குருந்தத்தை உருவாக்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902இல் அறிவித்தார். 1976 முதல் சந்தைக்கு வந்த கியூபிக் சிர்க்கோனியா வைரத்தைவிடக் கூடுதலாக நிறங்களைப் பிரிப்பது. கல் மலிவானபோது விலை வினைஞரின் கைக்கே கிடைத்தது. இயந்திரத்தில் தீட்டிய இறக்குமதிக் கற்கள் வந்தபின் அந்தக் கைக்கும் மதிப்புக் குறைந்து, பலர் தொழிலை விட்டனர்.

எடையா, ஒளியா?

எடையா ஒளியா என்ற கேள்விக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கோகினூர். 1851இல் லண்டன் பொருட்காட்சியில் அதைக் கண்டவர்கள் ஒளி போதவில்லை என்று ஏமாந்தனர். 1852இல் அது மறுபடி தீட்டப்பட்டு, ஏறத்தாழ 38 கிராமிலிருந்து 21 கிராமாகக் குறைந்தது. ஒளி கூடியது; இந்திய வினைஞர் காத்த வடிவம் திரும்ப முடியாமல் போயிற்று.

இதே இழுபறி இன்றைய கடையிலும் தொடர்கிறது. வைரத்தின் விலை காரட் எடையில் கணக்கிடப்படுவதால், இடுப்பைத் தடிப்பாகவும் அடியை ஆழமாகவும் விட்டு எடை காக்கும் ஆசை தீட்டுபவருக்கு எழும். நன்கு தீட்டிய ஒரு காரட் வட்ட வைரம் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதே எடையில் அகலம் தெளிவாகக் குறைந்திருந்தால், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்கும் சேர்த்துப் பணம் தருகிறார். எடைச் சீட்டோடு அகலம், ஆழம், கோணம் ஆகிய அளவுகளையும் கேட்டுப் பார்ப்பவருக்கே தாம் ஒளியை வாங்குகிறோமா, எடையை மட்டும் வாங்குகிறோமா என்பது தெரியும்.