பரி நரியான கதை

மாத்தளைக்கு அருகே உக்குவளையில் வாழும் என் தங்கையின் வீட்டில் அண்மையில் நான்கு நாள்கள் தங்கியிருந்தேன். வீட்டின் பின்புறம் மிளகுக் கொடியும் சாதிக்காய் மரங்களும் நிற்கும் சிறிய வளவு. மருமகனுக்கு வயது பதினைந்து. பள்ளி விடுமுறை என்பதால் கைபேசியில் குதிரைப் பந்தய விளையாட்டு ஒன்றிலேயே மூழ்கிக் கிடந்தான். இரண்டாம் நாள் மாலை முகம் வாடி என்னிடம் வந்தான்.

"மாமா, முதல் ஏழு ஓட்டத்தில் ஐந்தில் வென்ற குதிரை இது. வயது இரண்டுதான். இப்போது கடைசியாக வருகிறது. ஏன்?"

அந்தக் குதிரையைக் கழித்துவிட்டுப் புதுக் குட்டி வாங்கும்படி திரை அவனுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறது. விலை இரண்டாயிரம் ரூபாய். தந்தையிடம் கேட்டு நன்றாக ஏச்சும் வாங்கியிருந்தான்.

எனக்கு இத்தகைய விளையாட்டுகளில் பழக்கமில்லை. குதிரைகளைப் பற்றியாவது கொஞ்சம் வாசித்திருக்கிறேன். இந்த விளையாட்டுகள் செழித்து வளர்ந்த இடம் ஜப்பான். 1991 ஆம் ஆண்டில் அங்கு வெளிவந்த 'டெர்பி ஸ்டாலியன்', 1993 இல் வந்த 'வின்னிங் போஸ்ட்' ஆகியவை குதிரையை ஓட்டுவதைக் காட்டிலும் வளர்ப்பதையே விளையாட்டாக்கின. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வளர்ச்சிப் போக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கும். சில இளமையிலேயே உச்சம் தொட்டு இறங்கிவிடும். சில மெல்லப் பழுத்து, மற்றவை ஓய்ந்த பிறகு ஓடத் தொடங்கும். களைப்புக்கும் தனிக் கணக்கு உண்டு.

உண்மைக் குதிரையிலும் இது பெரும்பாலும் இப்படித்தான். அதன் முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை வயது ஆகிறது. பந்தயத்துக்கோ அது இரண்டு வயதிலேயே வந்துவிடுகிறது. 1991 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சேர்ச்சில் டவுன்ஸ் திடலில், இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பெரும் பந்தயத்தை 'அராசி' என்னும் குதிரை மிக எளிதாக வென்றது. நூற்றாண்டின் குதிரை இதுவே என்று எழுதியவர்கள் பலர். அதன்பின் இரு முட்டிகளிலும் அறுவைச் சிகிச்சை. 1992 மே மாதம் அதே திடலில் கென்டக்கி டெர்பி. அராசி எட்டாவதாக வந்தது. முட்டி ஆறுவதற்காக டெர்பி நாளைத் தள்ளிவைப்பவர் எவருமில்லை. (நம் மலையக நகரங்களின் ரேஸ் புக்கிக் கடைகளில், வாழ்நாளில் ஒரு பந்தயக் குதிரையையும் நேரில் காணாதவர்கள் இங்கிலாந்துக் குதிரைகளின் மீது நாட்கூலியைக் கட்டிய கதை தனியாக எழுதப்பட வேண்டியது.)

நிற்க. பையனின் கேள்வி என் மனத்தில் கிளப்பியது அராசியை அன்று, பாண்டிய நாட்டை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை ஐந்நூறு பொற்காசு அளவு. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துத் தீனியாகக் கொடுத்தார்களாம். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள்கள் முளையில் கட்டிப்போட்டு, வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் பிசைந்த தானியமும் காய்ச்சிய பாலும் ஊட்டிக் கொழுக்க வைத்து, பிறகு எந்தப் பயிற்சியுமின்றி ஏறி விரட்டினார்கள் என்கிறார். காற்றாய்ப் பறந்தவை சில காலத்திலேயே மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமற் போயின. மருமகனின் குதிரைக்கு நேர்ந்தது எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது!

தட்பவெப்பம் குதிரைக்கு ஒவ்வாதது என்னவோ உண்மைதான். நம் முன்னோரின் அறியாமையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மார்க்கோ போலோ போகிற போக்கில் சொல்லும் வேறொரு செய்தியே எனக்கு முதன்மையாகப் படுகிறது. குதிரை வணிகர்கள் தம்முடன் குதிரை மருத்துவம் தெரிந்த லாடக்காரர் எவரையும் அழைத்து வருவதில்லை. வேறு எவரும் வந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை பிழைத்தால் அடுத்த ஆண்டு விற்பனை குறையும் அல்லவா? வஸ்ஸாஃப் சொல்லும் ஒப்பந்தம் இதனினும் விந்தையானது. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் அனுப்பிய 1,400 குதிரைகளில் வழியிலேயே இறந்தவற்றுக்கும் பாண்டியனின் கருவூலம் விலை கொடுத்தாக வேண்டும். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். அந்த ஜமாலுத்தீனின் தம்பி தக்கியுத்தீன்தான் பாண்டியனின் அமைச்சர். காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில் இருந்தது.

குதிரை வணிகத்தின் வலிமையை இலங்கையரும் மிகப் பழங்காலத்திலேயே கண்டவர்கள். மாத்தளை மாவட்டத்தை அடுத்துள்ள அநுராதபுரத்தில் சூரதீசனை வென்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரைக் குதிரை வணிகரின் மைந்தர்கள் என்றே மகாவம்சம் குறிக்கிறது.

மருமகனுக்கு வஸ்ஸாஃபைச் சொல்லி விளங்கவைக்க இயலாது. ஆகவே மாணிக்கவாசகரைச் சொன்னேன். குதிரை வாங்கத் திருப்பெருந்துறைக்குச் சென்ற அமைச்சர் பொன்னையெல்லாம் திருப்பணிக்குச் செலவிட்டது, நரிகள் பரிகளாய் மதுரைக்கு வந்தது, இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியது எல்லாம் அவனுக்குத் தெரிந்த கதைதான். முத்துமாரியம்மன் கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறான். புராணத்தை வரலாறாக்க நான் முனையவில்லை. பொன்னைக் கொட்டி வாங்கியது விடியும் முன் வேறொன்றாகிவிடும் என்ற அச்சம், குதிரைக்காகக் கருவூலத்தைத் திறந்து வைத்திருந்த ஒரு நாட்டுக்கு அந்நியமாய் இருந்திருக்காது என்பதே என் எண்ணம்.

"அப்படியென்றால் என் குதிரையும் நரியா, மாமா?" என்றான்.

"அது இருக்கட்டும். கடைசியாக எப்போது அதற்கு ஓய்வு கொடுத்தாய்?"

அவன் விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பழைய கணக்கைத் தேடினான். விளையாட்டுக் கணக்கில் ஒன்பது வாரம். ஒன்பது வாரத்திலும் ஓட்டம். ஓய்வு என்றொரு பொத்தான் இருக்கத்தான் செய்தது. திரையின் ஓரத்தில், சின்னஞ்சிறு சாம்பல் எழுத்தில். புதுக் குட்டி வாங்கும் பொத்தானோ நடுவில் பொன்னிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் அவன் அந்தக் குதிரையை ஓட்டவில்லை. நான் கண்டிக்குப் பேருந்து ஏறிய காலையில் வாசல்வரை வந்து, நான்காவதாக வந்தது என்று சொன்னான். தந்தையிடம் மறுபடி பணம் கேட்டதாகத் தெரியவில்லை.