கொற்றவன்குடி உமாபதி சிவம்

தில்லை என்றதும் நம் நினைவுக்கு வருவது பொன்னம்பலமே. அதன் நிழலில் வாழ்ந்து, அவ்வம்பலத்துக்கு உரியோராலேயே விலக்கப்பட்ட ஒருவரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவர் உமாபதி சிவாசாரியார். சைவ சித்தாந்தத்தின் சந்தான குரவர் நால்வருள் இறுதியானவர்.

இந்நால்வர் மரபின் வேர் பெரிதும் இன்றைய கடலூர் மாவட்டத்து மண்ணிலேயே உள்ளது. மெய்கண்டார் பிறந்தது பெண்ணாகடம். அருணந்தி சிவாசாரியாரின் ஊர் பண்ணுருட்டியை அடுத்த திருத்துறையூர். அவர் மாணவர் மறைஞான சம்பந்தர். அவருடைய மாணவர் உமாபதி.

தில்லைவாழ் அந்தணருள் ஒருவரான உமாபதி, பூசை முடித்துப் பகலிலும் தீவட்டி ஒளிரச் சிவிகையில் வருகிறார். வீதியில் நின்ற மறைஞான சம்பந்தர், பட்டுப்போன மரத்தின்மேல் பகற்குருடு போகிறது என்று நகைக்கிறார். உமாபதி இறங்கி அவர் பின்னே நடக்கிறார். நெசவாளர் வார்த்த கஞ்சியைக் குரு கையேந்திப் பருக, முழங்கை வழி ஒழுகியதை மாணவர் ஏற்கிறார். அந்தணர் அவரை விலக்க, ஊர்ப்புறத்துக் கொற்றவன்குடியில் குடியேறுகிறார். இது மரபு கூறும் வரலாறு. கோயிற்கொடி ஏறாது நிற்க, அவர் கொடிக்கவி பாடியதும் ஏறியது என்பதும் அம்மரபே.

மரபுச் செய்திகளை வரலாறு என்று நாம் சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆண்டு உறுதியாகக் கிடைக்கிறது. சங்கற்ப நிராகரணத்தின் பாயிரம் சக ஆண்டு 1235 என்று, எண்களைப் பெருக்கியும் கூட்டியும் அறியுமாறு சொல்கிறது. அது கி.பி. 1313. மாலிக் காபூரின் படை தமிழகத்தைக் கலக்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நாளில் தில்லையில் ஒருவர் மாயாவாதி முதலிய பிற கொள்கையினரை நிரல்பட நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார்!

மேலைநாட்டிலும் அது தருக்க இறையியலின் காலம். பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ் மறைந்தது 1308-இல். அதே சபையின் ஓக்காம் வில்லியம் 1328-இல் போப்பின் அவையிருந்த அவிஞோனிலிருந்து தப்பியோடி, திருச்சபையால் விலக்கப்பட்டார். ஒருவரையொருவர் அறியாத இருவருக்கும் விலக்கு என்பது பொதுவாயிற்று.

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் எட்டு உமாபதியின் பெயரால் வழங்குகின்றன. அவற்றுள் திருவருட்பயன் பத்து அதிகாரம், நூறு குறள். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்கிறது அந்நூல். சிவிகையிலிருந்து இறங்கியவர் சொன்னார் எனும்போது இக்கருத்து வெறும் தத்துவமாக நின்றுவிடுவதில்லை. தன் செருக்கைத் தான் காண இயலாது. காட்ட இன்னொருவர் வேண்டும். சித்தாந்தம் குருவை வலியுறுத்துவதன் பொருள் இதுவே.

விலக்கியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. விலக்கப்பட்டவரின் நூல்களோ சைவர்க்குச் சாத்திரமாயின. கொற்றவன்குடியில் அவர் நினைவிடம் இருக்கிறது. சித்திரை அத்தம் அவர் குருபூசை நாள். தில்லைக்குச் செல்வோர் கூத்தனைத் தொழுதபின் அங்கும் ஒருமுறை சென்று வரலாம். நடந்தே செல்வது பொருத்தம்.