கேட்கத் தயங்கிய கேள்வி

பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி பார்ப்பவர்கள் அலைவரிசையை மாற்ற வேண்டாம். நாகரிகமாகத்தான் பேசப் போகிறேன். கர்ப்ப காலத்தில் கணவனும் மனைவியும் சேரலாமா? இந்தக் கேள்விக்கு நம் மலாக்காத் தோட்டங்களில் இதுவரை யார் பதில் சொன்னார்கள்?

1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் 43 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் தோட்டங்கள் பெருகின. நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். ஊரில் இருந்தவரை இந்தக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்கும். கணவனிடமிருந்து விலகலும் அதோடு வந்துவிடும்.

கடல் தாண்டி வந்தவளுக்குத் தாய்வீடு ஏது? வளைகாப்பு இங்கும் நடந்தது. ஆனால், வளையல் போட்டவள் திரும்பியது அதே லயத்து வீட்டுக்குத்தான். பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் மெல்லிய தடுப்பு. விடிவதற்குள் பெரட்டுக்கு நிற்க வேண்டும். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன் பின் இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள் தாயானபோது, பலருக்குத் தாய்வீடு என்பது அடுத்த லயம்தான்!

மாமியார் "தள்ளிப் படு" என்பார். காரணம் சொல்ல மாட்டார். மருத்துவச்சி வலி எடுத்த பிறகுதான் வருவார். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸர் பெரும்பாலும் ஆண். அவரிடம் காய்ச்சலைச் சொல்லலாம், இதைச் சொல்ல நாக்கு வருமா? 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் பிரசவ விடுப்பாக 60 நாள் கொடுத்தது. 2023இல் அது 98 நாளானது. நாள் கணக்கைச் சட்டம் பார்த்துக்கொண்டது. மற்றதெல்லாம் முந்தானைக்குள்ளேயே இருந்தது.

அரசாங்கத் தாய் சேய் நலக் கிளினிக்குகள் நிலைமையை நிறைய மாற்றின. 1989இல் கர்ப்பிணிகளுக்கு ஆபத்தின் அளவை நிறத்தால் குறிக்கும் முறை வந்தது: சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை. ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் கணக்கில் வந்தன. ஆனாலும் மிஸியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க நம் பெண்களுக்கு இன்றும் கூச்சம்தான். படித்தவள், தினமும் ஒலிவாங்கி பிடித்துப் பேசுகிறவள், நானும் கேட்கவில்லை.

என் முதல் கர்ப்பத்தில் ஆறாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. வலி இல்லை. கிளினிக்குக்கு ஓடாமல், நள்ளிரவில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பக்கம் ஒன்று "சேர்வதால் தீங்கில்லை" என்றது. தமிழ்க் காணொளி ஒன்று, கணவன் தொட்டாலே பிள்ளைக்கு ஊனம் என்றது. இரண்டுமே "உனக்கு ரத்தம் படுகிறதா?" என்று கேட்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. பிறகு ஸ்கேன் பார்த்தபோது, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருந்தது. மகள் பிழைத்துவிட்டாள்.

ஜாசின் பக்கம் பால்மரம் வெட்டிய என் பாட்டியிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் ஒண்ணு அப்படித்தான் போச்சு" என்றார். அப்படி ஒரு பிள்ளை இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும்.

மருத்துவம் சொல்வது சிக்கலானதல்ல. சிக்கலில்லாத கர்ப்பத்தில், மனைவிக்கு விருப்பமிருந்தால், சேர்வதால் குழந்தைக்குக் கேடில்லை; பனிக்குடமும் கர்ப்பப்பையும் காக்கின்றன. ரத்தப்போக்கு, நீர் கசிவு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, முன்கூட்டியே வலி வரும் அபாயம் இருந்தால் விலகியிருக்க வேண்டும். ரத்தம் பட்டால், அது ஒரு துளியானாலும், உடனே மருத்துவமனை. இந்த இரண்டாம் பாதிதான் கைப்பேசியில் அவசரமாகத் தேடும்போது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சுகாதார அமைச்சின் மைஹெல்த் அகப்பக்கம் 2005 முதல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். மெர்லிமாவில் இருக்கும் அக்காளுக்கு முதலில் வந்து சேர்வது புலனத்தில் சுற்றும் காணொளி!

என் கையில் இருப்பவை நேயர்கள் அனுப்பிய கேள்விச் சீட்டுகள். ஒன்றிலும் பெயர் இல்லை. யாரென்று நாங்களும் தேடப் போவதில்லை. டாக்டர் அம்மா, முதல் சீட்டை நீங்களே பிரியுங்கள்.