பாலாற்றுத் தீர்ப்பும் பென்டிரைவும்

பாலாற்றுப் பகுதியில் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் கிணற்று நீர் கெட்டுப்போனபோது, பாதிக்கப்பட்டவரிடம் வழக்கமான சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எந்தத் தோல் தொழிற்சாலையின் எந்த ரசாயனம் என்று உன்னால் காட்ட முடியுமா? தோலைக் குரோமிய உப்பால் பதப்படுத்தும் குரோம் பதனிடலில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் புழங்குவதாக உச்ச நீதிமன்றமே பின்னாளில் பதிவு செய்தது. அவற்றில் எது எந்த மண்ணடுக்கு வழியாகத் தன் கிணற்றுக்கு வந்தது என்பதை நாலு தென்னை வைத்திருப்பவர் எந்த ஆய்வகத்தில் போய் நிரூபிப்பார்? தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாக வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கணக்கிட்டிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்தக் கேள்வியையே புரட்டிப் போட்டது. பெரிய, மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சம் இருக்குமானால், அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவிக்கப்பட்டது இந்தப் பாலாற்றங்கரை வழக்கில்தான். அந்தக் கோட்பாட்டுக்கு ஆறு, மண், காற்று தாண்டியும் வேலை இருக்கிறது என்பது என் வாதம். அதே தொழிற்சாலைகளின் கணக்குப்பிரிவில் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகப்படும் பென்டிரைவுக்கும் அது பொருந்தும்.

இதைப் புரிந்துகொள்ள இந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்றுமதிச் சந்தை கற்றுக்கொடுத்ததைப் பார்க்க வேண்டும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறிய காலத்தில், வாங்குபவர் கையால் தடவி, மடக்கி, முகர்ந்து பார்த்தே தரம் சொன்னார். குரோம் பதனிடல் பரவியபின் தோலின் குற்றம் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடப்பட்ட பென்டாகுளோரோபீனாலை, சுருக்கமாக பிசிபியை, ஜெர்மனி 1989 டிசம்பரில் தடை செய்தது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. பளபளப்பும் மென்மையும் மாறாத அதே தோல், ஆய்வகச் சான்று இல்லையென்றால் விலைபோகாது என்றானது. எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அந்த விதி கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டுமே கேட்டது. குரோமியத்தின் கதை இன்னும் நுட்பமானது. பதனிடலில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். ஆனால் கொழுப்பூட்ட ஊற்றிய எண்ணெய் பொருத்தமற்றதாக இருந்தால், வெப்பமும் வெளிச்சமும் பட்டு, அதில் ஒரு சிறு பங்கு பிற்பாடு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறிவிடும். 2015 மே முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம், மனித உடலில் படும் தோல் பொருட்களில் அதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. ஆம்பூரில் சோதனையில் தேறிய தோல் கண்டெய்னருக்குள் கெட்டுப்போகலாம். கடைசியில் ஒருமுறை சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எண்ணெயிலிருந்தே கவனிக்க வேண்டும். இதற்கு உதவும் வழிகளில் ஒன்று, மரப்பட்டைச் சாரத்தால் மறுபதனிடுவது. பழைய பட்டைப் பதனிடலின் அறிவு புதிய குரோம் தோலுக்குக் காவலாக வந்தது.

பென்டிரைவிலும் குற்றம் இப்படிக் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறது. அதைச் செருகும் துளைக்கான யூ.எஸ்.பி.யின் முதல் வரையறை வெளியானதும் பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே 1996இல்தான், ஜனவரி மாதம். எந்தச் சாதனத்தையும் எந்தத் துளையிலும் செருகலாம் என்பதே அதன் வெற்றி. செருகியதும் சாதனம் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது: 08 என்ற எண்ணைச் சொன்னால் அது சேமிப்புச் சாதனம், 03 என்றால் கீபோர்டு, மவுஸ் வகை. கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்புகிறது. சரிபார்க்க அதனிடம் வழியில்லை. இந்த எண்ணைச் சொல்வது பென்டிரைவின் சிப்பில் எழுதப்பட்ட ஃபர்ம்வேர் என்ற நிரல். 2014 ஆகஸ்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பென்டிரைவின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி அதைக் கீபோர்டாக நடிக்க வைத்துக் காட்டினார்கள். செருகிய சில நொடிகளில் திரையில் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும், யாரும் தொடாத கட்டளைகள் அதில் தட்டச்சாகும், சாளரம் மூடிக்கொள்ளும். ஆன்டிவைரஸ் பென்டிரைவிலுள்ள கோப்புகளைத்தான் துழாவும், ஃபர்ம்வேரை அது தொடுவதில்லை. ஃபார்மேட் செய்தாலும் ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். வாங்கியவரால் அதைத் திறந்து படிக்கவும் முடியாது. கெட்டுப்போன கிணற்றின் பக்கத்தில் நின்ற விவசாயியின் நிலைதான் இவருக்கும். சந்தேகப்படலாம், நிரூபிக்க முடியாது.

அதனால் சந்தேகத்தை நிரூபிக்க முயல்வதில் நேரம் வீணாக்காமல், நிரூபிக்கப்படாததை உள்ளே விடாமலிருப்பதே சரியான தற்காப்பு. ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் அப்படித்தான் செய்தது: ஏ.டி.எம். இயந்திரங்களின் யூ.எஸ்.பி. துளைகளை ஆகஸ்டுக்குள் செயலிழக்கச் செய்யும்படி வங்கிகளுக்கு ஆணையிட்டது. ஒரு ஷூ ஏற்றுமதி அலுவலகத்திலும் இது நடக்கும். விண்டோஸில் புதிய சாதனங்களை நிறுவவிடாமல் தடுக்கும் வசதி இருக்கிறது, லினக்ஸில் யூ.எஸ்.பி.கார்டு என்ற மென்பொருள், அனுமதித்த சாதனங்களைத் தவிர மற்றதை மறுக்கும். அனுமதித்த சாதனங்களின் இந்தப் பட்டியலும் முழுக் காவல் அல்ல என்பதை ஒளிக்கக் கூடாது. தயாரிப்பாளர் எண்ணும் வரிசை எண்ணும்கூட சாதனம் தானாகச் சொல்வதே; பொய்யும் சொல்லலாம். ஆகவே வெளியிலிருந்து வரும் பென்டிரைவுகளுக்கென்று நெட்வொர்க்கில் சேராத, முக்கியமான எதுவும் இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்குவதை நான் பெரிதும் மதிக்கிறேன். மென்பொருள் ஏமாந்தாலும் நாசம் அந்தப் பெட்டியோடு நிற்கும். அங்கே திறந்த கோப்பை அதே பென்டிரைவில் மறுபடி கணக்குப்பிரிவுக்குக் கொண்டுபோனால் மட்டும் அத்தனையும் வீண்.

ஆம்பூர் ஷூ கம்பெனியை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் ஈரானின் அணு நிலையத்துக்காக எழுதப்பட்டது. பென்டிரைவ் வழியாகப் பரவியது. மிக அதிகமாகத் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேஷியாவுக்கு அடுத்து இந்தியா வந்தது. அது ஃபர்ம்வேரில் ஒளிந்த நிரல் அல்ல என்பது உண்மை. ஆனால் குறி வேறாக இருந்தாலும் வழியில் இருப்பவருக்கும் அடி விழும் என்பதற்கு அது போதும். இன்னொரு மறுப்பு கனமானது: போலி மின்னஞ்சலால் பணம் போவதே அன்றாடம் நடப்பது, ஃபர்ம்வேர் தாக்குதல் அபூர்வம், அபூர்வத்துக்காக எல்லா வேலையையும் முடக்குவதா? கோட்பாட்டிலேயே இதற்கு விடை உண்டு. அது எல்லா அச்சத்துக்கும் இயங்குவதில்லை, மீட்க முடியாத கேட்டுக்கே இயங்குகிறது. டிசைனரின் கம்ப்யூட்டர் கெட்டால் மறுபடி மென்பொருள் ஏற்றிக்கொள்ளலாம். வங்கிப் பணம் செலுத்தும் கம்ப்யூட்டரில், சுங்க ஆவணங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்திடும் கம்ப்யூட்டரில் நடந்ததைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. கட்டுப்பாடு அங்கே கடுமையாக இருக்கட்டும். செலவு சிறியவர்களை நசுக்கும் என்ற கவலையும் நியாயமானதே. கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தனித்தனியாக முடியாத டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன. ஃபர்ம்வேர் சோதனையும் அப்படிப் பொதுவில் நடக்க வேண்டியது.

தீர்ப்பு வந்ததால் மட்டும் ஆறு சுத்தமாகிவிடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசுக்கு இழப்பீடு கொடுக்கும்படி ஆணையிட நேர்ந்தது. சட்டம் வரும்வரை அலுவலகங்கள் தம் துளைகளைத் தாமே காக்க வேண்டியிருப்பது இதனால்தான். இருந்தாலும் பொறுப்பை மாற்றிவைக்க முடியும் என்பதற்கு மின்னணுத் துறையிலேயே முன்னுதாரணம் உண்டு. 2024 ஏப்ரலில் மத்திய மின்னணு அமைச்சகம் சிசிடிவி கேமராக்களுக்குப் புதிய விதி கொண்டுவந்தது; 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்த விதிப்படி, வன்பொருளோடு ஃபர்ம்வேரின் பாதுகாப்பையும் ஆய்வகத்தில் காட்டித் தயாரிப்பாளர் சான்று பெற வேண்டும். யூ.எஸ்.பி. துளையில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் பாதுகாப்புத் தரச்சான்று கேட்கப்படுகிறது. அந்த டோக்கனுக்குப் பக்கத்துத் துளையில் செருகும் பென்டிரைவிடமும் கீபோர்டிடமும் அப்படியொரு சான்றை யாரும் கேட்பதில்லை. அடுத்த விதி இவற்றுக்கு வர வேண்டும். பிறந்த நாட்டைப் பார்க்காமல், பிசிபி விதியைப் போல, உள்ளே இருப்பதைப் பார்ப்பதாக அது இருக்க வேண்டும்.