புகைக்கூடு

அடுப்பிலோ கணப்பிலோ எரியும் விறகின் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுசென்று விடும் குழலும், அதனைத் தாங்கிநிற்கும் கட்டும் சேர்ந்து புகைக்கூடு எனப்படும். சூடேறிய வாயு இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று அடுப்பின் வாய்வழியே உட்புகுவதால் உண்டாகும் இழுவையே இதற்கு ஜீவன். கூடு உயர உயர இழுவை பலக்கும். குழல் குளிர்ந்துபோனால் புகை அறைக்கே திரும்பும்.

உரோமர் தம் சுவர்களுள் மண்குழாய் பதித்துச் சூடான வாயுவைச் செலுத்தினர். வீட்டுப் புகைக்கூடு ஐரோப்பாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் தோன்றியதென்பது பொதுவான கொள்கை. வெனிஸ் நகரில் பூமியதிர்ச்சியால் புகைக்கூடுகள் பல வீழ்ந்ததாக ஒரு குறிப்பு உண்டு. அவ்வாண்டைச் சிலர் 1347 என்றும் சிலர் 1348 என்றும் எழுதுவர். அந்நகரத்தார் மார்ச்சு மாதத்தில் வருடத்தைத் தொடங்கியமையே இப்பேதத்திற்குக் காரணமாகலாம்.

1796இல் ரம்ஃபோர்டு பிரபு, கணப்பின் கழுத்தை ஏறக்குறைய நான்கு அங்குலமாகச் சுருக்கி, பக்கச்சுவர்களைச் சாய்த்து, உஷ்ணம் அறைக்குள் வீசும்படி செய்தார். இங்கிலாந்தில் குழல்களுக்குள் சிறுவரை ஏற்றிக் கரி தட்டுவித்த கொடுமையை ஒழிக்க 1788, 1834, 1840, 1864, 1875 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அடுத்தடுத்து ஐந்து சட்டங்கள் தேவைப்பட்டமையே முந்தியவற்றின் பலவீனத்துக்குச் சாட்சி.

நம் சமையற்கட்டுக்கு நெருங்கிய சரித்திரம் 1947இல் வார்தாவில் உருவான மகன் சூலா என்னும் அடுப்பிலிருந்து தொடங்குகிறது. ஹைதராபாத்தின் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் எஸ். பி. ராஜு வடிவமைத்த மண்ணடுப்பு அதனினும் பிரசித்தமானது. அதைப்பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. நெருப்பு ஓரிடத்தில் எரிய, அதன் சுவாலையும் புகையும் மண்ணுக்குள் ஓடும் வழியால் அடுத்தடுத்த பானைகளின் அடியைத் தடவிச் சென்று கடைசியில் கூட்டினுள் ஏறும். கூட்டின் அடியில் செருகிய தகடொன்றைத் தள்ளியும் இழுத்தும் இழுவையைச் சமையல் செய்பவளே அடக்கிக்கொள்ளலாம். அத்தகடு மிக எளிய பொருள். ஆயினும் அந்த அடுப்பின் விவேகமெல்லாம் அதில்தான் இருக்கிறது. இவ்வகை அடுப்புகள் விறகை மிச்சப்படுத்தினவா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பலமாக இழுக்கும் கூடு, பானைக்கு வேண்டிய சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்பது மறுப்போர் வாதம். 1983 முதல் இந்திய அரசு திருத்திய அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. பின்னர் ஒடிசாவில் நடந்த நெடுநாள் ஆய்வில், முதலாண்டில் குறைந்த புகைச்சுவாசம், கூடுகள் பராமரிக்கப்படாமையால், பின்னைய ஆண்டுகளில் பழையபடியே ஆனமை தெரிந்தது.

இலங்கையில் நுவரெலியாவின் தோட்டத்துரைமார் பங்களாக்களில் கணப்புக் கூடுகளை இன்றும் காணலாம். கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன் போன்ற வன்னிக் குளத்தடிக் கிராமங்களில் குளிருக்குக் கணப்பு வேண்டியதில்லை. இங்கே விஷயம் குசினி அடுப்பே. கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த பழைய குசினியில், சுவருக்கும் கூரைக்கும் இடையே விட்ட வெளியால் புகை கசிந்து போயிற்று. போகும் வழியில் அது கறையானை ஓலையினின்று அகற்றி, பரணிலிருந்த விதைத் தானியத்தை வண்டரியாது காத்ததும் உண்மை. அந்த உபகாரத்தின் விலையைக் கொடுத்தவை பெண்களின் கண்களும் நெஞ்சும். ஓலைக் கூரையைத் துளைத்துக் கூடு வைத்தால் பொறி பறந்து வீடே எரியும் அபாயம் இருந்தமையால், ஓடும் தகரமும் வந்த இடங்களிலேயே புகைக்கூடு நிலைத்தது. எண்பதுகளில் பரவிய அனகி என்னும் இருபானை மண்ணடுப்பு கூடில்லாதது. உள்நாட்டுப் போருக்குப்பின் மீள்குடியேறியோர் கட்டிய கல்வீடுகளில் குசினியும் ஓர் அறையானதால், புகை போகக் கூடு வேண்டியதாயிற்று.

கூட்டின் உயரம்பற்றிய விதிமுறைகளுள் மிகவும் வழங்குவது அமெரிக்க நாட்டினது: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து கூடு 3 அடியாவது உயரவேண்டும், சூழ 10 அடிக்குள் உள்ள எப்பகுதியினும் 2 அடி மேலே நிற்கவேண்டும். முகட்டினும் தாழ்ந்த கூட்டில் சோளகக் காற்று மோதிக் கீழிறங்கினால் புகை குசினிக்குள் தள்ளப்படும். மரவளையைக் குழல் தொடக்கூடாது. அடியில் கரி வாரும் கதவும் தலையில் மழை மறைப்பும் வேண்டும். மாரியில் ஈரவிறகு எரிக்கையில் தார்போன்ற கரி உட்சுவரில் தடித்துப் படியும். அதுவே தீப்பற்றுவதும் உண்டு. நன்றாகக் காய்ந்த பாலை விறகு இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கும்.

2014இல் உலக சுகாதார நிறுவனம், நுண்துகள் வெளியீட்டின் இலக்காகக் கூடில்லா அடுப்புக்கு நிமிடத்திற்கு 0.23 மில்லிகிராமும், கூடுள்ள அடுப்புக்கு 0.80 மில்லிகிராமும் விதித்தது. வீடு கட்டுவோர் கூரை ஏற்றுமுன்பே அடுப்பு எங்கே, குழல் எவ்வழி என்பதை மேசனிடம் தீர்மானித்துச் சொல்லிவிடவேண்டும். மாரி பிறக்குமுன் ஆண்டுக்கொருமுறையேனும் கரி தட்டவும் வேண்டும்.