சந்நிதியிலிருந்து கதிர்காமம்: வெயிலுக்கு முந்திய நடை

வடமராட்சிக்கு வெளியே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பாலை உண்டு. வல்லிபுரத்துக்கும் மணற்காட்டுக்கும் இடையே மணல் குன்று குன்றாகக் கிடக்கிறது. நண்பகலில் அங்கே வெறுங்காலோடு பத்து அடி வைக்க முடியாது. அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நிலவில் நடப்பதும் விடிய முன் எழும்பி நடப்பதும் பழக்கமான காரியம். இலங்கையின் மிக நீண்ட நடை யாத்திரை இந்த மணலுக்கு அருகே, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்குவது பொருத்தம்தான்.

சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். மருதர் கதிர்காமர் என்ற அடியார் வழிவந்த பூசகர்கள் இங்கே மந்திரமின்றி, வாய் கட்டிப் பூசை செய்கிறார்கள். தெற்கே கதிர்காமத்தில் கப்புறாளைமார் எனப்படும் பூசகர்கள் செய்வதும் அவ்வாறே. இந்த உறவைக் காலால் நடந்து புதுப்பிப்பதுதான் பாதயாத்திரை. வைகாசியில் வேலோடு புறப்படும் கூட்டம் வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று கீழ்க்கரை முழுவதும் இறங்கி, ஆடிவேல் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் சேரும். ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. வழியில் எல்லோரும் 'சாமி'தான். ஊரும் பேரும் யாரும் கேட்பதில்லை.

காலம்தான் கடினமானது. கிழக்குக்கு மழை தருவது ஐப்பசிக்குப் பின் வரும் வாடைக்காற்று. யாத்திரை மாதங்களில் வீசுவதோ கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி இறங்கும் காற்று. குளம் வற்றும், ஆறு மணலாகும். ஆகவே நடையின் நேரத்தைச் சூரியனே வகுத்துக் கொடுத்தது. நாலு மணிக்கு முன்னரே 'அரோகரா' கேட்கும். வெயில் ஏற முன் அடுத்த கோயிலையோ மரநிழலையோ பிடித்துவிட வேண்டும். பகல் சமையலுக்கும் உறக்கத்துக்கும்; வெயில் சாய்ந்த பின் மறுபடி நடை.

உகந்தைக்குத் தெற்கே இந்தக் கணக்கு மாறிவிடும். குமணையும் யாலவும் யானைக் காடு, கரடிக் காடு. இருட்டில் ஒருவரும் அடியெடுத்து வைப்பதில்லை. தீ மூட்டி ஒன்றாகப் படுத்து, வெளிச்சம் கண்ட பின்தான் புறப்பாடு. கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று யாத்திரிகர் வரிசையாகச் சொல்லும் தங்கிடங்கள் எல்லாம் தண்ணீரைப் பொறுத்து அமைந்தவை. வற்றிய ஆற்றில் முழங்கை ஆழத்துக்கு மணலைக் கையால் அள்ளினால் அடியில் கலங்கிய நீர் ஊறும். அவசரப்பட்டு மொண்டால் சேறு. மண் அடியில் படியும்வரை பொறுத்திருந்து, மேல்நீரைச் சிரட்டையால் மெல்ல அள்ளித் துணியில் வடிக்க வேண்டும். எந்த வளைவில் ஊற்று கிடைக்கும் என்று தெரிந்த மூத்த சாமி ஒருவர் இருந்தால் கூட்டம் பிழைக்கும். என் கணிப்பில் இந்த யாத்திரையின் உண்மையான சொத்து அந்த அறிவுதான்.

ஆங்கிலேய அரசு இந்தப் பெருங்கூட்டத்தை அச்சத்தோடு பார்த்தது. வாந்திபேதி பரவும் என்று கட்டுப்பாடுகள் வந்தன. யாழ்ப்பாணக் கச்சேரியில் தன் உத்தியோகத்தைத் தொடங்கிய லெனார்ட் வூல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது கதிர்காம யாத்திரிகரின் ஏற்பாடுகளைக் கவனித்தார். பிற்பாடு மோட்டார் வண்டியும் தெருவும் வந்து நடப்பவரைக் குறைத்தன. தெரு செய்யாததைப் போர் செய்தது. 1983க்குப் பின் சந்நிதியிலிருந்து நடப்பதை நினைத்தும் பார்க்க முடியாமல் போயிற்று.

அறுந்த இழையை மறுபடி முடிந்தவர்களில் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் முக்கியமானவர். சந்நிதியில் ஆசிரமம் வைத்திருந்த, யோகர் சுவாமிகளின் சீடரான 'ஜேர்மன் சுவாமி' கௌரிபாலாவிடம் பயின்றவர் அவர். 1972இல் இந்த யாத்திரையை நடந்தவர். 1988இல் கிழக்கில் யாத்திரை மீண்டும் உயிர்பெற அவர் பாடுபட்டார். போர் 2009இல் ஓய்ந்த பிறகு சந்நிதி வேல் மறுபடி முழு வழியும் நடந்தது.

இப்போது காட்டுப்பாதை ஆண்டுக்குச் சில நாள்களே திறக்கப்படுகிறது. வழியில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கிறார்கள். அது நல்ல காரியம், உயிர்களைக் காக்கிறது. ஆனால் தாங்கி வந்த இடத்தில் ஊற்றுத் தோண்டக் கற்பவர் இல்லை. 1983க்கு முன் நடந்தவர்களில் இருப்பவர்கள் இன்று முதியவர்கள். வடமராட்சியிலும் மட்டக்களப்பிலும் உள்ள வாசிகசாலைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் அவர்களைத் தேடிப் போய், ஊற்றடிகளின் பெயர்களையும் தங்கிடங்களின் வரிசையையும் இந்த ஆண்டே எழுதி வைக்க வேண்டும்.