மண்ணுக்குள் கசியும் பெட்ரோல், டீசல்... கண்டுபிடிப்பது எப்படி? காரங்காடு கரையில் ஏன் கூடுதல் கவனம்?

மேலே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கீழே புதைந்திருக்கும் டேங்க் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். ஒரு வருடத்தில் 1,500 லிட்டரைத் தாண்டிவிடும். 20,000 லிட்டர் டேங்கின் தினசரி ஸ்டாக் கணக்கில் இது பிடிபடாமலே போகலாம். அப்போது கசிவைக் காட்டிக்கொடுப்பது மண்தான்.

கிணறு சொன்னால் லேட்!

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் தண்ணீரோடு எரிபொருளும் சேர்ந்து வந்தது. பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே காரணம் எனத் தெரியவந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் மாசு கிணறுகளைப் பாதித்த வழக்கில், 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இரண்டு ஊரிலும் மக்களுக்கு விஷயம் தெரிந்தது குடிக்கிற தண்ணீர் கெட்ட பிறகுதான்.

மண் மாதிரி எங்கே எடுப்பாங்க?

மேல் மண்ணைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தால் எதுவும் தெரியாது. எரிபொருள் கீழ்நோக்கித்தான் இறங்கும். அதனால் டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே மாதிரி எடுக்க வேண்டும். டேங்கைச் சுற்றி நிரப்பிய மணலைத் தாண்டி, அந்த இடத்தின் சொந்த மண் வரை போவது முக்கியம். டேங்கின் இரு முனைகள், லாரியில் இருந்து எரிபொருள் இறக்கும் இடம், குழாய் இணைப்புகள், பம்புக்கு நேர் கீழே ஆகியவை கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்.

குழிக்குள் எரியக்கூடிய ஆவி தேங்கியிருக்கலாம். எனவே வாயு அளவைப் பார்க்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. பீடி, செல்போன் எல்லாம் தூரத்திலேயே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பை ஏன் கூடாது?

பெட்ரோலில் உள்ள பென்சீன் எளிதில் ஆவியாகும். மண்ணைப் பையில் அள்ளி வெயிலில் வைத்தால், லேப் போவதற்குள் பாதி பறந்துவிடும். ரிப்போர்ட்டில் 'பாதிப்பு இல்லை' என்று வரும்! பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்தாலும் இதே சிக்கல்தான். அதனால் ஒவ்வொரு இடத்து மண்ணையும் தனித்தனியாக, காற்று புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும். எந்த இடம், என்ன ஆழம், எத்தனை மணிக்கு, யார் எடுத்தது என்ற விவரம் குப்பி மேலேயே இருக்க வேண்டும்.

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு!

காரங்காடு போன்ற கரையில் என்ன வித்தியாசம்?

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி அருகே இருக்கும் காரங்காடு, அலையாத்திக் காட்டுக்கும் படகுச் சவாரிக்கும் பேர் போன ஊர். இப்படிப்பட்ட கடற்கரையில் கசிவு ஏற்பட்டால் மூன்று விஷயங்கள் மாறும்.

முதலாவது, உப்பு. உப்பு மண்ணில் இரும்பு டேங்க் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இரண்டாவது, ஆழம் குறைந்த நிலத்தடி நீர். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் ஊத்து தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். மணலில் இறங்கும் எரிபொருள் தண்ணீரை எட்ட அதிக நாள் ஆகாது. பெட்ரோலும் டீசலும் நீரில் மிதக்கும். கடலேற்றம், வற்றத்தோடு கரையோர நீர்மட்டமும் ஏறி இறங்கும்போது, மண்ணில் பட்டையாகப் பூசிக்கொண்டே போகும். எனவே ஒரே ஆழத்தில் எடுத்த மாதிரி போதாது. நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் முழுக்க எடுக்க வேண்டும்.

மூன்றாவது, அலையாத்திச் சேறு. மட்கிய இலை நிறைந்த இந்தச் சேறு இயல்பாகவே நாறும். அதில் உள்ள இயற்கைப் பொருட்கள் பரிசோதனையில் எண்ணெய் போலக் கணக்காகிவிடலாம். அதனால், டேங்க் பாதிப்பே இல்லாத இடத்தில் இருந்து அதே வகை மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். இது இல்லாவிட்டால் நல்ல மண்ணைக் கெட்டதாகவும், கெட்ட மண்ணை 'இயற்கைதான்' என்றும் சொல்லிவிட முடியும்.

இதில் அலட்சியம் காட்டினால் பாதிப்பு காட்டுக்கும்தான். வெண்கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேல் நீட்டியிருக்கும் வேர்களால் மூச்சு விடுகின்றன. அந்த வேர்களை எண்ணெய் மூடினால் மரம் பட்டுப்போகும். இறாலும் நண்டும் வளர்வது அந்த வேர்களுக்கு இடையில்தான்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை, மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் உடனே குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். கொதிக்க வைப்பது தீர்வல்ல. ஆவி வீட்டுக்குள் பரவும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பெட்ரோல் பங்க் டேங்குகளுக்கு உரிமம் தருவது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ. அங்கும் ஒரு நகல் போகட்டும்.

மாதிரி எடுக்க வரும்போது மறக்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். 'எவ்வளவு ஆழத்தில் எடுத்தீங்க?' 'ஒப்பிட வேறு இடத்து மண் எடுத்தீங்களா?' ரிப்போர்ட்டை நம்பலாமா என்பதை இந்த இரண்டு பதில்களே சொல்லிவிடும்.